மலிவு ஒயினும் ஊர்ச் சாப்பாடும்: ஒரு குட்டி வரலாறு

"இறைச்சிக்குச் சிவப்பு ஒயின், மீனுக்கு வெள்ளை ஒயின்." ஆங்கிலப் படங்களிலும் நட்சத்திர ஓட்டல் மெனு கார்டுகளிலும் இந்த விதி அடிக்கடி வரும். கோட் போட்ட ஒருவர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து, எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று விளக்கம் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ ராஜாக்கள் காலத்துச் சாஸ்திரம் போலத் தோன்றும்.

ஆனால் ஒயினையும் சாப்பாட்டையும் ஜோடி சேர்த்தவர்களில் பெரும்பாலோர் ராஜாக்கள் இல்லை. ரோமாபுரிச் சிப்பாய், பாரிஸ் தொழிலாளி, நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியக் கொத்தனார்... இவர்கள் கையில் இருந்த காசுக்கு எது கிடைத்ததோ அதைக் குடித்தார்கள், எது மலிவோ அதைச் சாப்பிட்டார்கள். இரண்டும் ஒரே மேசையில் பல தலைமுறைகள் உட்கார்ந்த பிறகுதான், "ஆஹா, என்ன பொருத்தம்!" என்று புத்தகம் எழுதுகிறவர்கள் வந்தார்கள். வரி, ரயில், பனி, போர் ஆகிய நான்கும் சேர்ந்து செய்து வைத்த கல்யாணங்கள்தான் இன்று பிரபலமாக இருக்கும் பல ஜோடிகள்.

அந்தக் கல்யாணக் கதைகளில் சிலவற்றைப் பார்ப்போம். (குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை இது. ஒரு கோப்பைக்குப் பின்னால் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று சொல்லும் கட்டுரை!)

முதலில் கொஞ்சம் அடிப்படை

திராட்சையைத் தோலோடு நொதிக்க விட்டால் சிவப்பு ஒயின். பிழிந்த சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு வறண்டு துவர்க்குமே, அந்தத் துவர்ப்புக்கும் இதே வகைப் பொருள்தான் காரணம். டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சியோடு சேர்ந்தால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. வெள்ளை ஒயினில் துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கலாகத் தெரியும். எண்ணெயில் பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிற அதே கணக்கு!

மீனும் சிவப்பு ஒயினும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு ரொம்ப நாள் சரியான விளக்கம் இல்லை. 2009ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிப்பி இறைச்சியைப் பல ஒயின்களோடு சுவைக்க வைத்துப் பார்த்தார்கள். குற்றவாளி ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து என்று தெரிந்தது. இரும்பு அதிகம் உள்ள ஒயின் குடித்தால் வாயில் மீன் கவிச்சி தங்குகிறது. சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு கொஞ்சம் அதிகம். இரும்பு குறைந்த சிவப்பு ஒயினை மீனோடு குடித்தால் பிரச்சினை இல்லை. ஆக, விதி நிறத்தைப் பற்றியதே இல்லை.

சரி, வரலாற்றுக்குப் போவோம்.

ரோம்: ஒரு காசு, இரண்டு காசு, நான்கு காசு

கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில் ஒரு சாராயக்கடைச் சுவரில் விலைப்பட்டியல் கிடைத்திருக்கிறது. ஓர் 'ஆஸ்' கொடுத்தால் சாதாரண ஒயின், இரண்டு கொடுத்தால் நல்ல ஒயின், நான்கு கொடுத்தால் 'ஃபலேர்னியன்' என்ற உயர்ந்த ரகம். இன்றைய கடைகளில் மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு என்று அடுக்குவது போலவே அன்றும் மூன்று படி இருந்திருக்கிறது.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு சூடான உணவு விற்கும் கடைகள் இருந்தன. வீட்டில் அடுப்பு வைக்க இடமில்லாத ஏழைகள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். 2020ல் முழுவதுமாகத் தோண்டியெடுக்கப்பட்ட அப்படியொரு கடையின் ஜாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் இருந்தன. இன்னொரு ஜாடியின் அடியில் இடித்த மொச்சை வகைப் பயறு! ஒயினின் நிறத்தையும் சுவையையும் மாற்றப் பயறு போடுவது அந்தக் காலத்து வழக்கம். மட்டமான சரக்கைக் கொஞ்சம் தேற்றி விற்பது நேற்று வந்த பழக்கம் இல்லை போலிருக்கிறது :-)

கி.பி. 301ல் டயோக்ளீஷியன் மன்னர் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஓர் ஆணை போட்டார். அதில் அரை லிட்டர் சொச்சம் கொண்ட ஓர் அளவைக்கு ஃபலேர்னியன் 30 தினாரி, சாதாரண நாட்டு ஒயின் 8 தினாரி. எகிப்து பார்லி பீர் வெறும் 2 தினாரி. ஆணையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் யார் எதைக் குடித்திருப்பார்கள் என்பதற்கு அந்தப் பட்டியல் நல்ல சாட்சி.

எட்டு தினாரிக்கும் கீழே ஓர் உலகம் இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கேட்டோ, பண்ணை அடிமைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பிழிந்து முடித்த சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த 'லோரா' என்ற பானம், தானாக உதிர்ந்த ஆலிவ் காய்கள். ஆலிவ் தீர்ந்தால் மீன் ஊறுகாய்க் கசடும் வினிகரும். சிப்பாய்களுக்குப் 'போஸ்கா', அதாவது புளித்த ஒயினில் தண்ணீர் கலந்த பானம். ஹேட்ரியன் மன்னர் படையோடு இருக்கும்போது சிப்பாய்களைப் போலவே பன்றிக் கொழுப்பு, பாலாடைக்கட்டி, போஸ்கா ஆகியவற்றையே விரும்பிச் சாப்பிட்டார் என்று அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. கொழுப்பு, உப்பு, புளிப்பு. இன்றைய நிபுணர்கள் சொல்லும் பொருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது நாக்கு இல்லை, படைக் கஜானா!

இங்கே தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஆம்ஃபோரா ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயின் ஜாடிகளும் அவற்றின் வடிவத்தைப் பார்த்து இத்தாலியில் செய்த ஜாடிகளும் அதில் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள், அதனால் நீண்ட பயணத்தைத் தாங்கும். இத்தாலியிலேயே அதைப் போலிசெய்வது எப்படி என்று மேலே சொன்ன கேட்டோ செய்முறையே எழுதியிருக்கிறார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் பருகுவதைப் புறநானூறு பேசுகிறது. அந்த ஜாடிகளில் சிலவற்றில் வந்தது 'டூப்ளிகேட்'டாகவும் இருந்திருக்கலாம்!

பாரிஸ்: சுவருக்கு வெளியே வறுத்த மீன்

பழைய பாரிஸ் நகருக்குள் ஒயின் வர வேண்டுமென்றால் நுழைவு வரி கட்ட வேண்டும். விலை உயர்ந்த ஒயினுக்கும் மட்ட ஒயினுக்கும் அளவை வைத்தே வரி என்பதால், அடி வாங்கியது மலிவு ஒயின் குடித்த ஏழைதான். வழி என்ன? எல்லையைத் தாண்டி நடந்தால் வரி இல்லை. அப்படிப் பதினெட்டாம் நூற்றாண்டில் நகர எல்லைக்கு வெளியே முளைத்தவைதான் 'கேங்கெத்' என்ற தோட்டத்துச் சாராயக்கடைகள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு அங்கே போய்விடும். 1760 வாக்கில் ராம்போனோ என்பவர் மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு ஒயின் விற்று நகரம் முழுக்கப் பெயர் வாங்கினார்.

அங்கே ஊற்றப்பட்டது பாரிஸைச் சுற்றி விளைந்த மெல்லிய, புளிப்பான ஒயின். தட்டில் இருந்தது சென், மார்ன் ஆறுகளில் பிடித்த பொடி மீன் வறுவல், விலாங்கு மீன் குழம்பு, முயல் குழம்பு. புளிப்பு ஒயினும் பொரித்த மீனும் ஜோடி சேர்ந்தது இப்படித்தான், வரி இல்லாத இடத்தில்.

அரசு சும்மா இருக்குமா? 1784ல் தொடங்கி, நகரத்தைச் சுற்றி ஒரு புதிய வரிச் சுவரையே கட்டினார்கள். பல கேங்கெத்துகள் சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. மலிவு ஒயின் மறுபடியும் விலையேறியது. 1789 ஜூலையில் பஸ்தி கோட்டை விழுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே பாரிஸ் மக்கள் எரிக்கத் தொடங்கியது இந்தச் சுவரின் சுங்கச் சாவடிகளைத்தான். பிரெஞ்சுப் புரட்சி என்றதும் ரொட்டி விலை நினைவுக்கு வரும். ஒயின் விலையும் அதில் இருந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நாந்த்: பனி செய்து வைத்த கல்யாணம்

பிரான்ஸின் மேற்குக் கரையில் லுவார் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே நாந்த் நகரம். அங்கே விளையும் 'மஸ்கடே' என்ற வெள்ளை ஒயினும் பச்சைச் சிப்பியும் உலகப் புகழ் பெற்ற ஜோடி. இன்றும் பிரெஞ்சு ஒயின்களில் விலை குறைந்தவற்றுள் இது ஒன்று.

1709ல் ஐரோப்பாவில் ஒரு பயங்கரக் குளிர்காலம். ஆறுகள் உறைந்தன, கொடிகள் செத்தன. நாந்த் பகுதித் தோட்டங்கள் ஏறக்குறைய அழிந்து போயின. மறுபடியும் நடும்போது குளிரைத் தாங்கும் 'மெலோன்' என்ற பர்கண்டி ரகத்தைப் பரவலாக நட்டார்கள். இதற்குப் பின்னால் டச்சு வியாபாரிகளும் இருந்தார்கள். காய்ச்சி வடித்துப் பிராந்தி செய்ய அவர்களுக்கு மெல்லிய, வாசனை குறைந்த, மலிவான வெள்ளை ஒயின் தேவைப்பட்டது. மெலோன் அதற்குச் சரியான திராட்சை.

ஆக, குடிப்பதற்கு என்றுகூட இல்லாமல் காய்ச்சுவதற்காகப் பரப்பப்பட்ட திராட்சை அது. பக்கத்திலேயே அட்லாண்டிக் கடல். சிப்பி அப்போது பெரிய மனிதர் உணவாக மட்டும் இல்லை, ஏழைகளும் சாப்பிட்டார்கள். அளவுக்கு மீறி வாரியதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இயற்கைச் சிப்பித் திட்டுகள் தேய்ந்துபோக, விக்தோர் கோஸ்த் என்ற அறிவியலாளர் மூன்றாம் நெப்போலியன் ஆதரவோடு சிப்பி வளர்ப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. உப்புச் சிப்பிக்கு அதிகம் வாசனை இல்லாத புளிப்பு ஒயின் அருமையாகப் பொருந்தியது. 1936ல் மஸ்கடேயின் முக்கியப் பகுதிக்கு அரசின் இடப்பெயர் அங்கீகாரம் கிடைத்தபோது அந்தப் பொருத்தம் ஊரறிந்த விஷயமாகிவிட்டிருந்தது.

லண்டன்: அமைச்சர் போட்ட மெனு

இங்கிலாந்தில் ஒயின் எப்போதும் அரசியல்தான். பிரான்ஸோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்ததால், 1703ல் போர்ச்சுகலோடு மெதுவன் ஒப்பந்தம் செய்தார்கள். ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் போகலாம். பதிலுக்கு, போர்ச்சுகீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி. போர்தோ ஒயின் பணக்காரர் மேசைக்குச் சுருங்கியது, பிராந்தி கலந்த இனிப்பான 'போர்ட்' ஒயின் நடுத்தர வர்க்கத்தின் பானமானது. ஸ்டில்டன் பாலாடைக்கட்டிக்குப் போர்ட் என்ற ஆங்கிலேய ஜோடிக்குப் பின்னால் நிற்பது கம்பளி வியாபாரம்!

1860ல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் இதைத் திருப்பிப் போட்டார். காலனுக்கு 5 ஷில்லிங்குக்கும் மேல் இருந்த வரியை வெட்டினார், இரண்டே ஆண்டில் லேசான ஒயின்களுக்கு 1 ஷில்லிங் ஆனது. அதோடு நிற்கவில்லை. உணவு விடுதிகளும் ஒயின் விற்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மளிகைக் கடைகளில் ஒற்றை பாட்டிலாக வாங்கும் வசதியும் வந்தது. அவருடைய எண்ணம், சாராயக்கடையில் வெறும் வயிற்றில் ஜின் குடிக்கிற மக்கள், சாப்பாட்டோடு லேசான ஒயின் குடிக்கிறவர்களாக மாறட்டும் என்பது. ஒயினும் உணவும் சேர வேண்டும் என்று ஓர் அரசாங்கமே கொள்கை வகுத்த அபூர்வமான நேரம் அது.

பலித்ததா? பாதி. பதினைந்து ஆண்டில் ஒயின் விற்பனை இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர். தொழிலாளர்கள் பீரையும் தேநீரையும் விடவில்லை. வரியைக் குறைத்தால் விலை மாறும், நாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

லாங்டாக், 1907: மலிவுக்கு யார் விலை கொடுத்தார்கள்?

இதுவரை குடித்தவர்கள் பக்கத்துக் கதை. விளைவித்தவர்கள் பக்கம் வேறு மாதிரி இருந்தது.

1850களில் ரயில் வந்ததும் தெற்கு பிரான்ஸின் லாங்டாக் பகுதி வட பிரான்ஸ் தொழிலாளர்களுக்கு ஒயின் தொழிற்சாலையாகவே மாறியது. 'ஆராமோன்' என்ற ரகம் ஹெக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டர் வரைகூடக் காய்க்கும், ஆனால் ஒயின் தண்ணீர் மாதிரி இருக்கும். 1863 முதல் ஃபிலாக்சிரா என்ற பூச்சி வேரைத் தின்று கொடிகளை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீண்டு வருவதற்குள் அல்ஜீரிய ஒயின் சந்தைக்குள் நுழைந்துவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகிய தில்லுமுல்லுகளும் நின்றபாடில்லை. உலர்திராட்சையை ஊறவைத்து ஒயின், சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் கொட்டி ஒயின்! 1903ல் சர்க்கரை வரி குறைந்ததும் அது இன்னும் சுலபமாயிற்று. விலை தரைமட்டத்துக்குப் போனது. விளைவித்தவனுக்குச் செலவுகூடத் திரும்பவில்லை.

1907 மார்ச் 11 அன்று ஆர்ஜெலியே என்ற கிராமத்திலிருந்து 87 பேர் கிளம்பினார்கள். தலைவர் மார்செலன் ஆல்பேர், சிறு காபிக்கடை நடத்தியவர், கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு. வாராவாரம் கூட்டம் பெருகிக்கொண்டே போய், ஜூன் 9ல் மொம்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போன் நகரில் ராணுவம் சுட்டது. சந்தைக்கு வந்திருந்த 20 வயதுப் பெண் ஒருத்தி உட்படப் பலர் இறந்தார்கள். செய்தி கேட்டதும் 17வது காலாட்படையின் சுமார் 500 சிப்பாய்கள், பெரும்பாலும் அந்தப் பகுதி விவசாயிகளின் பிள்ளைகள், துப்பாக்கிகளோடு முகாமைவிட்டு வெளியேறி ராத்திரியோடு ராத்திரியாகப் பெசியே நகருக்கு நடந்தே வந்துவிட்டார்கள்.

ஆல்பேர் பிரதமர் க்ளெமான்சோவைப் பார்க்கப் பாரிஸ் போனார். பேசிவிட்டுக் கிளம்பும்போது ரயில் செலவுக்கு என்று பிரதமர் கொடுத்த 100 பிராங்க் நோட்டை வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். லட்சக்கணக்கானவர்கள் தலையில் தூக்கி வைத்த மனிதர் ஒரே நாளில் கேலிப்பொருள் ஆனார். 1921ல் ஏழையாகவே செத்தார். ஆனால் போராட்டம் வீண்போகவில்லை. ஜூன் 29ல் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் விளைச்சலை அறிவிக்க வேண்டும், சர்க்கரை விற்பனைக்குக் கணக்கு வேண்டும். இன்று ஒரு மலிவு பிரெஞ்சு பாட்டிலில் இருப்பது நிஜமான திராட்சைச் சாறு என்று நம்ப முடிவதற்கு அந்த 87 பேரும் ஒரு காரணம்.

ஏழு வருடம் கழித்து முதல் உலகப் போர். விலை போகாமல் தேங்கிய அதே தெற்கத்தி ஒயினில் 2 லட்சம் ஹெக்டோலிட்டரை விவசாயிகள் 1914ல் படைக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆளுக்குத் தினமும் கால் லிட்டரில் ஆரம்பித்து, 1916ல் அரை லிட்டர், 1918ல் முக்கால் லிட்டர் வரை போனது. சிப்பாய்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பினார்'. கூடச் சாப்பிட்டது டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, அதற்கு வைத்த பெயர் 'குரங்கு'! குரங்கும் பினாரும்... உலகத்தில் எந்த ஒயின் புத்தகமும் சிபாரிசு செய்யாத ஜோடி. ஆனால் ஆப்பிள் மது மட்டுமே குடித்துப் பழகிய பிரிட்டனி, நார்மண்டிப் பையன்களும் பதுங்குகுழியில்தான் ஒயினுக்குப் பழகினார்கள். உயிரோடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

நியூயார்க்: மதுவிலக்கும் ஸ்பெகட்டியும்

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு குடும்பம் வருடத்துக்கு 200 காலன் வரை பழச்சாறு தயாரிக்கலாம். பழச்சாறு தானாகவே நொதித்தால் யார் என்ன செய்ய முடியும்? கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்கள் குறையவில்லை, பெருகின! சரக்கு ரயிலில் திராட்சை நியூயார்க்கும் சிகாகோவும் போனது. தோல் தடித்து, சதையும் சிவந்த 'அலிகான்தே' ரகத்துக்குத்தான் மவுசு. அது ஐயாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் நசுங்காது, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி இரண்டாவது முறை பிழிந்தாலும் சிவப்பாகவே இருக்கும்.

இத்தாலியில் வாரத்துக்கு ஒருநாள் இறைச்சி கிடைத்தாலே அதிகம் என்று இருந்த குடும்பங்களுக்கு அமெரிக்காவில் இறைச்சி மலிவு. தக்காளிச் சாறும் ஸ்பெகட்டியும் இறைச்சி உருண்டையும் ஒரே தட்டில் சேர்ந்த அமெரிக்க இத்தாலியச் சாப்பாடு பிறந்தது. நிலவறையில் செய்த முரட்டுச் சிவப்பு ஒயின் அதற்குத் துணை. குடும்பங்கள் நடத்திய சின்ன விடுதிகளில் அந்த ஒயின் காப்பிக் கோப்பைகளில் வந்தது. மற்ற அமெரிக்கர்கள் குடிப்பதற்காக அங்கே போனார்கள், ஸ்பெகட்டிக்கு அடிமையாகித் திரும்பினார்கள். 1933ல் மதுவிலக்கு போனது. ஸ்பெகட்டிக்குச் சிவப்பு ஒயின் என்ற வழக்கம் மட்டும் போகவே இல்லை.

மெண்டோசா: சோடா கலந்த மால்பெக்

அர்ஜென்டினா மாட்டிறைச்சியும் மால்பெக் ஒயினும் இன்றைக்கு மிகப் பிரபலமான ஜோடி. மால்பெக் உண்மையில் பிரான்ஸின் கஹோர் ஊர்த் திராட்சை. மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் மூலம் 1853ல் தொடங்கிய முயற்சியில் மெண்டோசாவுக்கு வந்தது. ஆண்டிஸ் மலையடிவாரம், மழை கிடையாது, பனி உருகிய தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து பாசனம். 1885ல் புவனோஸ் ஐரிஸ் வரை ரயில் ஓடியதும் இத்தாலிய, ஸ்பானியக் குடியேறிகள் குடிக்கப் பீப்பாய் பீப்பாயாக ஒயின் போனது. புல்வெளி நிறைய மாடுகள், நகரம் நிறைய ஒயின்.

அதை எப்படிக் குடித்தார்கள் தெரியுமா? சாதாரண உணவு விடுதிகளில் பென்குவின் பறவை வடிவ ஜாடியில் ஒயின் வரும். பக்கத்தில் ஒரு சோடா சைபன். ஒயினில் சோடாவைப் பீய்ச்சிக் கலந்து, சுட்ட இறைச்சியோடு குடிப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் தலைக்கு வருடம் சுமார் 90 லிட்டர்! பிறகு குளிர்பானமும் பீரும் வந்தன, விற்பனை சரிந்தது. 1960களில் 50,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மால்பெக், 1990 வாக்கில் சுமார் 10,000 ஹெக்டேராகச் சுருங்கியது. பிடுங்கிப் போட்டார்கள். மிஞ்சிய பழைய கொடிகளிலிருந்து நல்ல ஒயின் செய்து ஏற்றுமதி செய்த பிறகுதான், உலகம் "மாட்டிறைச்சிக்கு மால்பெக்" என்று கண்டுபிடித்தது. மெண்டோசா தொழிலாளிக்கு அது நூறு வருடமாகத் தெரியும், சோடாவோடு.

அப்படியானால் விதி எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சு விருந்துகளில் பல பதார்த்தங்கள் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பப்படும். அந்த முறையில் ஒரு பதார்த்தத்துக்கு ஓர் ஒயின் என்று சொல்லவே முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யத் தூதர் குராகின் பாரிஸில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் 'ரஷ்ய முறை' பரவியது. ஒன்றன் பின் ஒன்றாகப் பதார்த்தம் வரும். அப்போதுதான் மீனுக்கு ஒரு கோப்பை, இறைச்சிக்கு ஒரு கோப்பை என்ற வரிசை வந்தது. பணக்காரர் மேசையின் அந்த வரிசைதான் பிற்பாடு உலகத்துக்கே விதியாகிவிட்டது.

ஆசியச் சாப்பாட்டை அந்த விதி கண்டுகொள்ளவே இல்லை. நம்மூர்ச் சாப்பாட்டிலோ தாய்லாந்துச் சாப்பாட்டிலோ எல்லாம் ஒன்றாகத்தானே மேசைக்கு வருகிறது? மிளகாய் வேறு! காரத்தை உணரும் நரம்பு முனையை ஆல்கஹால் இன்னும் கூர்மையாக்குகிறது என்று 2002ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் காரத்தோடு வீரியமான சிவப்பு ஒயின் குடித்தால் வாய் பற்றி எரியும். ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும் ஜெர்மானிய ரீஸ்லிங் ஒத்துப்போகும். மலிவு விலையில் அது கிடைக்கவும் செய்கிறது.

கோவாவில் இன்னொரு வழி கண்டார்கள். போர்ச்சுகீசியர் இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைக்கும் 'வின்ஹா தாலியோஷ்' முறையைக் கொண்டுவந்தார்கள். கோவாவில் ஒயினுக்கு எங்கே போவது? தென்னங்கள் வினிகரை ஊற்றினார்கள், மிளகாயைச் சேர்த்தார்கள். பெயர் 'விண்டாலூ' ஆனது. ஒயின் பொருந்தவில்லை என்றால் ஒயினையே மாற்றிவிடுவது!

இத்தாலி, 1986: மலிவின் எல்லை

மலிவு என்றாலே நல்லது என்று முடித்துவிட முடியாது. 1986 மார்ச் மாதம் வட இத்தாலியில் சிலர் மர்மமாகச் செத்தார்கள். பெரிய பாட்டிலில் விற்ற மிக மலிவான மேசை ஒயினில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனால் மீதான வரி குறைந்ததால், மெல்லிய ஒயினின் போதையைக் கூட்ட அதுவே மலிவான வழி என்று சில வியாபாரிகள் துணிந்துவிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலர் பார்வை இழந்தார்கள். அவர்கள் செய்தது ஒன்றுதான். தினசரிச் சாப்பாட்டுக்கு, கட்டுப்படியாகும் ஒயின் வாங்கினார்கள். நம்மூர்க் கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

இத்தாலிய ஒயின் ஏற்றுமதி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. நேர்மையாக 'பார்பெரா' விளைவித்த பியத்மான்ட் விவசாயிகளும் சேர்ந்து அடிபட்டார்கள். அதே பகுதியில் கார்லோ பெத்ரினியும் நண்பர்களும் 1986ல் தொடங்கிய 'ஆர்ச்சிகோலா' அமைப்புதான், 1989ல் பாரிஸில் 'ஸ்லோ ஃபுட்' என்ற சர்வதேச இயக்கமாக உருவெடுத்தது. நல்ல உணவு, நல்ல ஒயின், விளைவித்தவனுக்கு நியாயமான விலை என்பது அவர்கள் பேச்சு. 1907ல் ஆர்ஜெலியேக்காரர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியாக...

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நல்ல பொருத்தம் என்று இன்று கொண்டாடப்படும் பலவும் ஒரே நிலத்தில், ஒரே வருமானத்தில் வாழ்ந்தவர்களின் அன்றாடச் சாப்பாடு. அந்த ஊர் ஒயினுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு என்ற ஒரே விதி பெரும்பாலும் பலிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவைப்படவில்லை, நூறு இருநூறு வருடம் தேவைப்பட்டது.

மலிவு விலையிலும் இரண்டு வகை உண்டு. ரயில் ஓடியதால், வரி குறைந்ததால் வந்த மலிவில் எல்லோரும் பிழைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீரிலும் மெத்தனாலிலும் வந்த மலிவுக்கு நார்போனில் விவசாயக் குடும்பங்களும் மிலானில் வாங்கிக் குடித்தவர்களும் உயிரைக் கொடுத்தார்கள். பாட்டில் மேல் ஒட்டிய விலைச்சீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒயினுக்கு மட்டுமில்லை, அரிசிக்கும் எண்ணெய்க்கும் பாலுக்கும் இதே கதைதான்.